புளிப்பு அதிகம் என்று காடியைக் குறைக்கலாமா?

வீட்டுத் தோட்டத்தில் வெள்ளரி நட்டவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். முதல் மாதம் முழுக்க இலையும் கொடியுமாகவே இருக்கும். பிறகு ஒரே வாரத்தில் சாப்பிட்டு முடியாத அளவுக்குக் காய் தொங்கும். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதை அச்சார் போட்டுப் போத்தலில் அடைப்பது நம் வழக்கம். அதற்கு விதை முற்றாத, விரல் நீளப் பிஞ்சுகளே ஏற்றவை.

இதில் பலரும் கேட்பது ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. காடியைப் பாதியாக்கி, மீதிக்குத் தண்ணீர் ஊற்றலாமா? அன்றே சாப்பிட்டு முடிப்பதென்றால் தாராளமாக ஊற்றுங்கள். போத்தலில் அடைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கூடாது.

ஏன் என்று பார்ப்போம். வெள்ளரிக்காயின் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். ஒரு கிலோ காயை நறுக்கி, அதில் 5 விழுக்காட்டுக் காடி அரை லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலம் 25 கிராம். எல்லாம் ஊறிக் கலந்தபின் அந்த 25 கிராம், காயின் நீரும் சேர்ந்து சுமார் 1,450 மில்லிலிட்டரில் பரவிவிடும். அமிலத்தின் பலம் 1.7 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, காயே ஊற்றிவிட்டது. அதன்மேல் நீங்களும் ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் பாட்டிமார் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, ஆனால் விடை தெரிந்து வைத்திருந்தார்கள். நறுக்கிய காயில் உப்பைப் பிசறிச் சில மணி நேரம் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்த பிறகே காடியில் போடுவார்கள். நோன்யா சமையலில் காயை வெயிலில் உலர்த்துவதும் உண்டு. உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போட்டுப் பள்ளியில் செய்யும் சவ்வூடுபரவல் சோதனையேதான் இது. வெளியே உப்பின் செறிவு அதிகம் என்பதால் உயிரணுக்களில் உள்ள நீர் வெளியேறுகிறது. ஒரு கிலோ காயிலிருந்து 300 மில்லிலிட்டர் பிழிந்தெடுத்தால், மேற்சொன்ன 1.7 என்பது 2.2 விழுக்காடாக உயரும். பொடியாக நறுக்குவதும் இதற்கு உதவும். 2 சென்டிமீட்டர் கனசதுரத் துண்டு ஒன்றை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு நான்கு மடங்காகும். நீர் விரைவில் வெளியேறும், காடியும் விரைவில் உள்ளே போகும்.

இவ்வளவு கவலை எதற்கு? மண்ணில் சாதாரணமாக வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்காக. தோட்டத்துக் காயில் மண் ஒட்டாமல் இருக்குமா? இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத இடம்தான் அவற்றுக்குப் பிடிக்கும். இறுக மூடிய போத்தல் அப்படிப்பட்ட இடம். முளைத்துப் பெருகினால் அவை உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. கெட்ட வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அதைத் தடுப்பது அமிலம். பி.எச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்துகள் முளைக்க மாட்டா. வெள்ளரிக்காயின் பி.எச் இயல்பாகவே 5-க்கு மேல். அதைக் கீழே இழுக்கும் பொறுப்பு முழுவதும் காடியுடையது.

பி.எச் தாள் வாங்கிச் சோதிக்க விரும்பினால் ஒரு சிக்கல் வரும்: அச்சாரில் உள்ள மஞ்சள் தாளில் ஒட்டி நிறத்தைக் குழப்பிவிடும். அதனால் மஞ்சள் மட்டும் சேர்க்காமல், மற்றதெல்லாம் அதே அளவில் சேர்த்து ஒரு சிறு போத்தலைத் தனியே வையுங்கள். ஒரு நாள் ஊறிய பிறகு தாளை நனைத்துப் பாருங்கள். தாளின் துல்லியம் குறைவு என்பதால் 4 அல்லது அதற்குக் கீழே காட்டினால்தான் நிம்மதி. அப்படிக் காட்டினாலும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. பகலில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நம் ஊர்ச் சமையலறை மேசை, அச்சார் போத்தலுக்கு உரிய இடமல்ல.

புளிப்பைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. சர்க்கரையைக் கூட்டுங்கள். அது அமிலத்தை அழிக்காது, நாக்கை மட்டும் சமாதானப்படுத்தும்.

காடி வாங்கும்போது போத்தலின் சீட்டில் 5 விழுக்காடு என்று இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு, ரப்பர் பால் உறைய ஊற்றும் அமிலம் நினைவுக்கு வரலாம். அதற்குப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் வேறு; அது சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

காயின் பூ இருந்த நுனியை மெல்லிசாகச் சீவி எறிந்துவிடுங்கள். அங்குள்ள நொதிகள் காயின் பெக்டினைக் கரைத்து அச்சாரைக் கொழகொழப்பாக்கிவிடும். பச்சைக் காய் சில நாளில் மங்கிய பழுப்புப் பச்சையாக மாறினால் பயப்பட வேண்டாம். அமிலம் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றுவதால் வரும் நிறம் அது.

பிழிந்த உப்புநீரை மட்டும் வெள்ளரிச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். காயிலிருந்து நீரை இழுத்த அதே உப்பு, வேரிலிருந்தும் இழுக்கும்.