மழை எல்லாருக்கும் ஒன்றுதானா?

"மழையும் வெயிலும் ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லை" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வானத்தைப் பொறுத்தவரை அது சரிதான். கூரையைப் பொறுத்தவரை?

2017 நவம்பர் 4ஆம் தேதி பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. பினாங்குத் தீவும் செபராங் பிறையும் வெள்ளக்காடாயின. ஏழு பேர் உயிரிழந்தனர். மாநில அரசு இராணுவத்தின் உதவியை நாடியது. பாகான் டாலாமில் எங்கள் பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் சாமான்களை மேலே ஏற்றிவிட்டார்கள். எதிரே தாழ்வாக இருந்த பலகை வீட்டில் மெத்தை, அரிசி, பிள்ளைகளின் பாடநூல் எல்லாம் ஊறிப்போயின. "எல்லாம் தலையெழுத்து சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. அந்தச் சொல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

வகுப்பில் ஒருநாள், "வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது?" என்று கேட்டேன். "சாமி கோபம்" என்றாள் தோட்டத்துச் சிறுமி. "எங்கள் வீட்டில் ஏர்கோன் இருக்கிறது, வெயில் தெரியாது" என்றான் டவுனிலிருந்து வரும் பையன். ஒருவருக்கு அது விதி. இன்னொருவருக்கு அது தொலைவில் நடக்கும் சங்கதி. இருவருமே காரணத்தைத் தேடவில்லை.

காரணம் இல்லாமலில்லை, அன்பர்களே. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் கரிவாயு, கம்பளி போல் பூமியைப் போர்த்திச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால்தான் கொட்டும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. பதிவான ஆண்டுகளிலேயே 2024தான் உலகில் மிக வெப்பமானது.

அந்தக் கரிவாயுவை விட்டவர் யார்? 1990 முதல் 2015 வரை வெளியானதில் பாதிக்கு மேல், உலகின் பணக்காரப் பத்து விழுக்காட்டினரால் வந்தது என்று 2020இல் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் கணக்கிட்டது. ஏழைப் பாதியின் பங்கு 7 விழுக்காடுதான். குறைவாகப் புகைவிட்டவன் வீட்டில்தான் தண்ணீர் முதலில் நுழைகிறது.

பால்வெட்டும் நம்மவர்களுக்கு இது புதுப்பாடமல்ல. விடியற்குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். மழை வந்தால் மங்கில் விழுந்த பாலும் வீண். எந்தக் கருவியும் இல்லாமலேயே பருவம் மாறுவதை உடம்பால் அறிந்தவர்கள் நாம். ஆனால் அந்த அறிவை நாமே மதிப்பதில்லை. பிறர் எப்படிக் கேட்பார்கள்?

தலையெழுத்து என்றால் அழுவதோடு சரி. காரணம் தெரிந்தால் கேட்கலாம். மழைக்காலத்துக்கு முன்பே கால்வாயைத் தூர்வாரச் சொல்லி நகராண்மைக்கு எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால் வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்கிறது. அன்று வேலை நேரத்தை மாற்றும்படி தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பள்ளிக்கு நிழல் மரம் கேளுங்கள். முதல் கன்றுக்குக் குழிவெட்ட நான் வருகிறேன்.