உங்களுக்குத் தெரியுமா? தஞ்சைக்காரர் அடித்த கடைசி கோல்

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் ஒரு தமிழருடையது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தை வலைக்குள் அனுப்பியவர் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். ஆட்டம் என்னவோ 3–1 என்று பெருவுக்கே போனது. அதன்பின் இந்திய அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

• அன்றைய பயிற்சியாளர் ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பள்ளி ஆசிரியர்.

• சுந்தரராஜும் பிறகு பயிற்சியாளரானார், அதுவும் கேரளத்துக்கு! 1973இல் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேப்டன் மணி மூன்று கோல் அடிக்க, இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என வீழ்த்தியது கேரளம். தேசிய கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை அந்த மாநிலம் முதன்முறையாக வென்றது அப்போதுதான்.