ஒப்பரேஷன் அரை மணி நேரம், கவனிப்பு ஆறு வாரம்

தறியில் இழை அறுந்தால் உடனே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது மருதமுனை நெசவாளர் வீடுகளில் சின்ன வயதிலேயே பழகிவிடும் வேலை. அந்த அறுந்த இழை தெரியவில்லை என்னும்போதுதான் பல வீடுகளில் கண்ணைப் பற்றிய பேச்சே எழுகிறது. அதற்கு முன்பே இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறிக் கூசியிருக்கும், மீனில் முள் தெரியாமல் போயிருக்கும், வெள்ளைத் துணி பழுப்பாகத் தெரிந்திருக்கும். "வயசு போனா அப்படித்தானே" என்று விட்டிருப்பார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதே கண்புரை. கடற்கரை வெயிலில் உழைப்பவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளருமே, அது வேறு. கண்புரை வயதோடு வருவது. நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, நீண்ட காலம் ஸ்டீரொயிட் மருந்து எடுப்பது ஆகியவை அதை முன்கூட்டியே கொண்டுவரும். எந்தச் சொட்டு மருந்தும், எந்தத் தேனும், எந்தச் சுர்மாவும் அதைக் கரைக்காது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் ஒரே வழி.

"நல்லா முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்று அன்றாட வேலைக்கு மங்கல் இடைஞ்சலானாலே செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றவிட்டால் வில்லை கல்லாக இறுகி ஒப்பரேஷன் கடினமாகும். சிலருக்கு அது வீங்கி, கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறி, பார்வை நரம்பையே கெடுத்துவிடும். நரம்பு கெட்டால் எந்த லென்ஸும் பார்வையை மீட்டுத் தராது.

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் நடந்ததை நம் ஊரில் கண்புரைக்குத் திகதி எடுத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்குக் கண்ணில் கடும் பாதிப்பு வந்தது. சந்தேகம் விழுந்தது, பிறகு போட்ட சொட்டு மருந்தின் மேல். இந்தியாவின் குஜராத்தில் தயாரான ஸ்டீரொயிட் வகைச் சொட்டு மருந்து அது, பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. வேறு வைத்தியசாலைகளையும் சேர்த்து 30க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. அவர்கள் நட்டஈடு கேட்டு நின்றார்கள். தமிழ்நாட்டில் 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஓர் இலவச முகாமுக்குப் பிறகு 66 பேர் பார்வை இழந்தார்கள். அங்கே தொற்றுத்தான் காரணம் என்று வழக்கு நடந்தது.

இவற்றைக் கேட்டு ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடாது. உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும், மிக நல்ல பலன் தரும் சத்திரசிகிச்சைகளில் ஒன்று இது. ஆனால் அரிதாக வரும் அந்தத் தொற்றுக்கு நாளும் மணியும் கணக்கு. நோயாளியும் வீட்டாரும் அடையாளத்தைத் தெரிந்து, கடதாசிகளைப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் திரும்பிப் போனால் கண்ணைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரிதும் கூடும். எனக்குத் தெரிந்தவரை நம் பகுதியில் இந்த மூன்றையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதலில் ஆயத்தம். கல்முனை ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் மருதமுனையிலிருந்து சில கிலோமீற்றர்தான். சிக்கலான கண்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். எங்கே போனாலும் கிளினிக் கொப்பியோடு, குடிக்கும் எல்லா மாத்திரைகளின் உறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூத்திர அடைப்புக்காக ஆண்கள் குடிக்கும் டம்சுலோசின் என்ற மாத்திரை, ஒப்பரேஷன் நேரத்தில் கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும். எப்போதோ குடித்து நிறுத்தியிருந்தாலும் டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அநேகம். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சீனி எகிறியிருந்தால் திகதியைத் தள்ளிப்போடுவார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கண்ணிமையில் கட்டி, கண்ணில் பீளை, பல்லில் சீழ் இருந்தாலும் சொல்லுங்கள். சுர்மாவை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

லென்ஸின் பவரைக் கணிக்கக் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். அந்த அளவு பிழைத்தால் ஒப்பரேஷன் சரியாக முடிந்தும் பார்வை மங்கலாகவே இருக்கும். தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். நெசவு செய்பவர், தையல் மெஷினில் இருப்பவர், கடலுக்குப் போகிறவர் மூவரின் தேவையும் ஒன்றல்ல. "நான் என்ன வேலை செய்றன்" என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கையெழுத்துக் கேட்கும் படிவத்தைப் படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். கொழும்பில் சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கேட்பது சலுகை அல்ல. எந்தக் கண், என்ன முறை, என்ன ஆபத்து, லென்ஸ் அரசு தருகிறதா வெளியில் வாங்க வேண்டுமா என்பவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே ஒப்பம். வெளியில் வாங்கச் சொன்னால் துண்டில் எழுதி வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள். காசு இல்லாத குடும்பம் சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இலவச முகாமுக்குப் போகிறவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: முகாம் முடிந்து டொக்டர் போன பிறகு கண் நொந்தால் எங்கே, யாரிடம் காட்டுவது? அதற்குப் பதில் இல்லாத முகாமில் படுக்க வேண்டாம்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டில் லென்ஸின் பெயர், பவர், இலக்கம் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

வீட்டில் நடப்பதுதான் நீண்ட வேலை. சொட்டு மருந்து நாலு முதல் ஆறு வாரம் வரை ஓடும். வார்த்துவிடும் பிள்ளை முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். "உம்மம்மா, மேல பாருங்க" என்று சொல்லி, கீழ் இமையை மெதுவாக இழுத்தால் ஒரு சிறு பள்ளம் வரும். அதில் ஒரே துளி போதும். போத்தலின் நுனி இமையிலோ மயிரிலோ விரலிலோ முட்டக் கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் விரலால் லேசாக அமத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. ஒரே போத்தலை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சேர்த்துப் பாவிப்பது, திறந்து ஒரு மாதம் கடந்ததைப் பாவிப்பது இரண்டும் ஆபத்து. முடிந்த போத்தலைக்கூட ஆறு வாரமும் எறியாமல் வையுங்கள். அதில் இருக்கும் தொகுதி இலக்கம்தான் மருந்தில் பிழை வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

கண்ணைக் கசக்கக் கூடாது. இரவில் மூடி போட்டுப் படுக்க வேண்டும். முதல் இரு வாரமும் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். கடலில் இறங்குவதை ஒரு மாதமாவது மறந்துவிடுங்கள். தறி மிதிப்பதும், பஞ்சுத்தூசியில் இருப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் டொக்டர் சொல்லும் வரை வேண்டாம்.

தொழுகையை நினைத்துத்தான் வயதானவர்கள் அதிகம் கலங்குகிறார்கள். முகம் கழுவினால் கண்ணுக்குக் கேடு என்று டொக்டர் சொன்னால் மார்க்கம் தயம்மம் என்ற சலுகையைத் தந்திருக்கிறது. சுஜூதுக்குக் குனிய முடியாதவர் கதிரையில் இருந்து சைகையால் தொழலாம். உங்கள் பள்ளி ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். நோன்பு வந்துவிட்டால் சொட்டு மருந்தை நிறுத்துகிறவர்களைக் கண்டு மனம் பதறுகிறது. கண்ணில் இடும் சுர்மா நோன்பை முறிக்காது என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1997இல் தீர்மானித்தும் இருக்கிறது. மருந்து விட்டுப்போனால் கண் தான் விட்டுப்போகும்.

முதல் நாளில் சற்று அரிப்பும் மணல் விழுந்த உணர்வும் இருக்கும். அது தணிந்துகொண்டே வர வேண்டும். தணியாமல் நோவு கூடினால், தெளிந்துகொண்டிருந்த பார்வை மறுபடி மங்கினால், கண் சிவந்து இமை வீங்கினால், பீளை வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். பனடோல் குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம், பாமசியில் வேறு சொட்டு வாங்க வேண்டாம். அன்றைக்கே, நடுச்சாமமானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண்ணுக்குள் தொற்று பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கறுப்புப் புள்ளிகள் திடீரெனப் பெருகுவது, ஒரு பக்கம் திரை விழுவது ஆகியவை விழித்திரை கழன்றதன் அடையாளம். அதற்கும் இதே அவசரம். மாதங்கள் கழித்து மெதுவாக மங்கினால் பயம் வேண்டாம். லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும், சில நிமிட லேசரில் சரியாகிவிடும்.

ஏதும் பிழைத்துப்போனால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, ஒப்பமிட்ட பிரதியை வாங்குங்கள். மருந்தின் மேல் சந்தேகமென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும், டொக்டரின் நடத்தையென்றால் இலங்கை மருத்துவ சபைக்கும் எழுதலாம். உங்கள் சொந்த மருத்துவப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

காலக்கெடுவில்தான் பலரின் வழக்கு செத்துப்போகிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அதில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. கவனக்குறைவுக்கு நட்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு இரண்டு வருடம். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போகும்போது டயக்னோசிஸ் காட், லென்ஸ் ஸ்டிக்கர், மருந்துப் போத்தல், முறைப்பாட்டுப் பிரதி நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.