பழைய லாரிக்கு டர்போ வைக்கலாமா?

கீழ்பென்னாத்தூரில் அரிசி, மணிலா மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகும் லாரி ஊத்தங்கரை வரை சிரமமில்லாமல் போய்விடும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் நோக்கி ஏறும்போதுதான் பழைய வண்டி திணறும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. "ஒரு டர்போ வைத்துவிட்டால் ஏறிவிடுமே" என்ற எண்ணம் சொந்த லாரி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு வருவது இதனால்தான். பணம் போடுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

கருவி என்ன செய்கிறது?

டாடா 697 எஞ்சின் 5,675 சி.சி. கொண்டது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அது 5,600 லிட்டருக்குக் குறையாமல் காற்று கேட்கும். அந்தக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் அதே சிலிண்டரில் கூடுதல் டீசல் எரியும், இழுவை கூடும். பெல்ட் அல்லது பல்சக்கரத்தால் எஞ்சினே சுற்றுவது சூப்பர்சார்ஜர். அது எஞ்சின் சக்தியில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். வீணாகும் புகையின் வேகத்தில் சுற்றுவது டர்போ. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். லாரிகளில் நிலைத்தது டர்போதான்.

ஆபத்து எங்கே?

டர்போ இல்லாத எஞ்சினில் சிலிண்டர் அழுத்தமும் வெப்பமும் கூடினால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும். அடுத்து பிஸ்டன், பேரிங், கிளட்ச். கம்பெனி டர்போ எஞ்சின் தயாரிக்கும்போது அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி பிஸ்டன், டீசல் பம்பு, ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் எல்லாவற்றையும் பொருத்துகிறது. டர்போவை மட்டும் கழற்றி வந்து மாட்டினால் இவை எதுவும் கூட வருவதில்லை. காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் டீசல் செலவும்தான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

இழுவை கூடினால் பாரம் கூட்டலாம் என்பதும் தவறு. இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 2018 முதல் 18.5 டன், ஆர்.சி.யில் உள்ள எடையே செல்லும். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். பிரேக்கும் டயரும் பழைய கணக்குக்கே செய்தவை என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

முதலில் ஏர் ஃபில்டர், நாசில், டீசல் பம்பு, வால்வு இடைவெளி, பிரேக் உராய்வு ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி திணறுவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேயே அகப்படும். அப்படியும் இழுவை போதாவிட்டால், கம்பெனியே டர்போ பொருத்திய வண்டிக்கு மாறுவதே லாபம். எஞ்சின் மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் டிரைவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: மேடு ஏறி வந்ததும் உடனே எஞ்சினை நிறுத்தாமல், இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். சூடான டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்க்கொண்டே இருந்தால்தான் அது நீடிக்கும்.