அந்த ஆண் எங்கே?



“பாலியல் தொழிலை உச்ச நீதிமன்றமே சரியென்று சொல்லிவிட்டதாமே, சாமி?” 2022ஆம் ஆண்டு மே 19 அன்று வந்த ஆணைக்குப் பிறகு இப்படிக் கேட்போர் உண்டு. அந்த ஆணை சட்டத்தை மாற்றிவிடவில்லை. இத்தொழிலில் உள்ள பெண்ணுக்கும் மாண்புடன் வாழும் உரிமை உண்டு. காவல்துறை அவரை அடிக்கவோ இழிவாகப் பேசவோ கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். ஊடகங்கள் அவரது அடையாளத்தை வெளியிடக் கூடாது. இவையே அதன் சாரம். இவற்றில் ஒன்றையும் கிறிஸ்தவர் எவரும் மறுக்க இயலாது.

ஆனால் இதையொட்டி உலகெங்கும் நடக்கும் விவாதம் இதைவிடப் பெரியது. இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து அறவே நீக்கிவிடலாமா? பணம் கொடுத்து வரும் ஆணையும் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

நம் நாட்டுச் சட்டம்

1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், வயது வந்த ஒரு பெண் தனித்துப் பணத்திற்காக உறவு கொள்வதையே குற்றமென்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, தரகு வேலை செய்வது, அப்பெண்ணின் வருமானத்தில் பிறர் பிழைப்பது, பொது இடத்தில் நின்று அழைப்பது, வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 200 மீட்டருக்குள் தொழில் நடத்துவது ஆகியவையே குற்றங்கள். கடைசியாகச் சொன்ன குற்றத்தில் மட்டுமே வருகின்ற ஆணையும் சேர்த்துச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. மற்ற இடங்களில் அவர் நிலை என்ன என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே ஒரே கருத்து இல்லை.

2006இல் ஒரு திருத்த மசோதா வந்தது. பொது இடத்தில் அழைக்கும் பெண்ணைத் தண்டிக்கும் பிரிவை நீக்கவும், மனித வணிகத்துக்கு ஆளானவர்களைப் பயன்படுத்த விடுதிக்குச் செல்பவரைத் தண்டிக்கவும் அது முனைந்தது. 2009இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி, மனித வணிகத்தால் கொண்டுவரப்பட்டவர் என்று அறிந்தும் ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்குப் பயன்படுத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

இரண்டு வழிகள்

சுவீடன் நாடு 1999இல் ஒரு புதிய வழியைத் தொடங்கியது. அங்கே விற்பவருக்குத் தண்டனை இல்லை, வாங்குபவருக்கே தண்டனை. நார்வே, கனடா, பிரான்சு, அயர்லாந்து ஆகியவை இதே வழியில் சட்டம் இயற்றின. வாங்குவோர் இருக்கும்வரை, ஏழைப் பெண்களைப் பிடித்து வரும் தரகர்களும் இருப்பார்கள் என்பது இவர்களின் வாதம்.

நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் சென்றது. 60க்கு 59 என்ற வாக்கில் நிறைவேறிய சட்டம் இருவர் மீதும் இருந்த குற்றத்தை நீக்கியது. பெல்ஜியமும் 2022இல் அவ்வழிக்கு வந்தது. வாங்குபவர் காவல்துறைக்கு அஞ்சினால், பெண் இருட்டில், அவசரத்தில், ஆளை எடைபோட நேரமின்றிச் செல்ல நேரிடும் என்று இவர்கள் கூறுகிறார்கள். 2016இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. பிரான்சின் சட்டத்தை எதிர்த்து 261 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2024 ஜூலையில் அந்நீதிமன்றம் அச்சட்டம் உரிமை மீறல் அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த 261 பேரின் அச்சத்தை நாம் அலட்சியப்படுத்தலாகாது.

ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணைத் தண்டிக்கக் கூடாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். வாங்கும் ஆணைப் பற்றியே வேறுபடுகிறார்கள்.

திருச்சபையின் பார்வை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அடிமைத்தனத்தோடு விபசாரத்தையும் பெண்கள், சிறுவர் விற்பனையையும் மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2355) இதைக் கனமான பாவம் என்கிறது. அதே இடத்தில், வறுமை, மிரட்டல், சமூக நெருக்கடி ஆகியவை அதில் ஈடுபடுபவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் கூறுகிறது. பணம் கொடுப்பவர் தமக்கு எதிராகவே கனமான பாவம் செய்கிறார் என்கிறது. 2018 மார்ச்சில் இளையோர் கூட்டமொன்றில் திருத்தந்தை பிரான்சிஸ், இக்குற்றத்தைச் செய்யும் கத்தோலிக்கர்களுக்காக மன்னிப்புக் கேட்டார். வாங்குபவர்கள் எங்கோ இருக்கும் அந்நியர்கள் அல்லர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பாவமான அனைத்தையும் அரசு தண்டித்தே ஆக வேண்டும் என்று திருச்சபை சொல்வதில்லை. புனித அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்குவினாசும் இதை உணர்ந்தே எழுதினார்கள். ஆகவே எந்தத் தண்டனை முறை அப்பெண்களைக் காக்கும் என்பதில் கத்தோலிக்கர்கள் வேறுபடலாம். வாங்குவது குற்றமற்ற சாதாரண வியாபாரம் என்று மட்டும் நாம் ஏற்க முடியாது. பசியால் கிடைக்கும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்ணை இயேசுவின் முன் நிறுத்துகிறார்கள். அவர் விபசாரத்தில் பிடிபட்டவர். பாலியல் தொழிலாளி என்று நற்செய்தி கூறவில்லை. லேவியர் 20:10 இருவரையுமே குற்றவாளிகள் என்கிறது. ஆனால் கொண்டுவரப்பட்டவர் ஒருவர் மட்டுமே. ஆண் எங்கே என்று அக்கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நம் ஊர்களிலும் அந்தக் கேள்வி எழுவதில்லை.

சட்டம் எதுவாயினும், வெளியே வர விரும்பும் பெண்ணுக்கு வாடகை வீடும், வேறு வேலையும், பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் வேண்டும். இவற்றை எந்த நீதிமன்றமும் தனியாகத் தந்துவிட முடியாது. 2009இல் பெண் துறவியர் தொடங்கிய ‘தலித்தா கூம்’ அமைப்பு பல நாடுகளில் இப்பணியைச் செய்கிறது. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் இதில் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அத்தகைய தாயின் குழந்தை மறைக்கல்வி வகுப்புக்கு வந்தால், தாயின் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதிருப்பதே அந்த முதல் அடியாகட்டும். நம் ஆண் பிள்ளைகளுக்கு, பெண் விலைக்கு வாங்கும் பொருள் அல்ல என்று வீட்டிலேயே கற்பிப்பது இரண்டாவது அடியாகட்டும்.