சித்திரக்கதையும் முல்லைத்திணையும்

யப்பானிய, கொரியக் காதற் சித்திரக்கதைகளிற் காதலர் தம் உள்ளத்தை வெளியிட நெடுங்காலந் தாழ்த்தலைக் குற்றமெனக் கூறும் வாசகர் உளர். அதுவே சுவையெனப் போற்றுவாரும் உளர்.

றியோக்கோ இக்கெடா 1972ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய 'வெர்சாயின் ரோசா'வில், அந்திரே தன் காதலை நெடிது உள்ளடக்கி நிற்கின்றான். பிரெஞ்சுப் புரட்சி நெருங்க நெருங்க அம்மௌனம் கனக்கின்றது. கைப்பேசியில் மேலிருந்து கீழாக நகர்த்திப் படிக்கும் கொரியக் கதைகளில், இரு சித்திரங்களுக்கிடையே விடப்படும் நீண்ட வெற்றிடமே காலத்தின் நீட்சியை உணர்த்துகின்றது.

காடு சூழ்ந்த வன்னியில் வாழும் மாணவர்க்குக் காத்திருத்தற் சுவை புதிதன்று. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல். ஆயின், முல்லைத்தலைவி காத்திருப்பது மணந்த பின்னர். சித்திரக்கதையார் காத்திருப்பது சொல்லுமுன்னர். முன்னது உறுதியின்பாற்படும், பின்னது ஐயத்தின்பாற்படும். அவ்வையத்தினூடே மாந்தர்தம் மனம் வளருமாயின் தாழ்வு சுவையாம். வளராதாயின் அது வெறும் நீட்டமே. வாசகர் இருசாரார் கூற்றும் இவ்வளவையால் தீரும்.