பஞ்சாயத்தில் அதிகாரம் யாருக்கு? - சில சட்டச் சொற்களின் விளக்கம்

கிராமத்தில் ஒரு காரியம் நடைபெற வேண்டுமானால், "இதற்கு அதிகாரம் யாருக்கு இருக்கிறது?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பேச்சு வழக்கில் அதிகாரம் என்ற சொல்லுக்குச் செல்வாக்கு, பதவி, கட்டளையிடும் வலிமை எனப் பல பொருள்கள் கொள்கிறோம். சட்டத்திலோ அச்சொல்லுக்கு அவ்வளவு தாராளமான பொருள் கிடையாது. இன்ன பதவியில் உள்ளவர், இன்ன எல்லைக்குள், இன்ன காரியத்தை, இன்ன முறைப்படி செய்யலாம் என்று சட்டம் வரையறுத்து அளித்திருப்பதே அதிகாரமாகும். இந்நான்கும் பொருந்தாத செயல் நீதிமன்றத்தில் நிலைப்பது அரிது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அடிக்கடி எதிர்ப்படும் சில சட்டச் சொற்களை, மதுரை வட்டாரத்தின் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

அதிகார வரம்பு

மதுரைச் சமவெளியின் வேளாண்மை பெரியாறு - வைகைப் பாசனத்தையும், ஊர்தோறும் உள்ள கண்மாய்களையும் நம்பியிருக்கிறது. கண்மாய்க் கரை உடைந்தால் யாரிடம் முறையிடுவது? பொதுவாக, 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தவை. ஆதலால் ஒரே ஊரில் அடுத்தடுத்துள்ள இரண்டு கண்மாய்கள் இரு வேறு அலுவலகங்களுக்கு உட்பட்டிருக்கக்கூடும். அதிகார வரம்பு என்பது ஊர் எல்லையை மட்டும் குறிப்பதன்று. எந்தப் பொருளின் மீது அதிகாரம் என்பதையும் குறிக்கும். இதை அறியாமல் மனுவைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், மழைக்காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

உரிய அதிகாரி

கண்மாய்ப் புறம்போக்கை ஒருவர் வேலியிட்டுப் பயிர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாயத்துத் தலைவர் ஆட்களைத் திரட்டிச் சென்று வேலியைப் பிடுங்கி எறியலாமா? கூடாது. சர்க்கார் நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் வருடத்திய நில ஆக்கிரமிப்புச் சட்டம் உள்ளது. அதன்படி கலெக்டரோ, தாசில்தாரோ, துணைத் தாசில்தாரோ முதலில் நோட்டீஸ் அளித்து, ஆக்கிரமிப்பாளரின் பதிலைக் கேட்ட பின்னரே மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 2007-ஆம் வருடத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. இவ்வாறு சட்டம் சுட்டிக்காட்டும் பதவியாளரே உரிய அதிகாரி.

சட்டம் ஒரு காரியத்தை இன்ன முறையில் செய்ய வேண்டும் என்று விதித்தால், அம்முறையிலேயே செய்ய வேண்டும், வேறு வழியில் செய்யலாகாது என்பது 1936-இல் நசீர் அகமது வழக்கில் பிரிவி கவுன்சில் வலியுறுத்திய கொள்கை. நமது நீதிமன்றங்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. எனவே பஞ்சாயத்து செய்யத்தக்கது யாதெனில், சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, உரிய அதிகாரிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வைத்தலேயாம்.

தீர்மானித்தலும் நிறைவேற்றுதலும்

1994-ஆம் வருடத்திய தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, கிராமப் பஞ்சாயத்தின் நிர்வாக அதிகாரி அதன் தலைவரே. ஆயினும் தீர்மானிப்பது மன்றம். தீர்மானத்தை நிறைவேற்றுவது தலைவர். பணத்தைச் செலவிடுவதிலும் இக்கட்டுப்பாடு உண்டு. காசோலையில் தலைவருடன் துணைத் தலைவரும் கையொப்பமிடும் ஏற்பாடு, ஒருவர் கையில் பொதுப்பணம் தனித்து நிற்கலாகாது என்பதற்காகவே ஏற்பட்டது.

சட்டத்தில் "செய்யலாம்" என்று வரும் இடத்தையும், "செய்ய வேண்டும்" என்று வரும் இடத்தையும் வேறுபடுத்திப் படிக்க வேண்டும். முன்னது விருப்புரிமை, பின்னது கடமை. விருப்புரிமை என்றாலும் மனம் போனபடி நடப்பதற்கு உரிமையில்லை. தக்க காரணம் இருத்தல் அவசியம்.

அதிகார ஒப்படைப்பு

ஒருவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தை, சட்டம் அனுமதித்தாலன்றி, அவர் பிறருக்கு மாற்றித் தர இயலாது. தமிழ்நாட்டில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சில ஊர்களில் தலைவியின் கணவரோ, மகனோ நாற்காலியில் அமர்ந்து உத்தரவிடும் வழக்கம் காணப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அவர் எவ்வித அதிகாரமும் இல்லாதவர். அவர் இட்ட கையொப்பம் செல்லாது. அதனால் விளையும் வழக்கிற்கும் நஷ்டத்திற்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை தலைவிக்கே ஏற்படலாம்.

பொது ஊழியர்

பொதுக் கடமையைச் செய்ய அதிகாரமோ பொறுப்போ அளிக்கும் பதவியை வகிப்பவரை, 1988-ஆம் வருடத்திய ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர் என்று கருதுகிறது. சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் மட்டுமே பொது ஊழியர் என்று எண்ணுவது தவறு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் லஞ்சம் வாங்கினால் அச்சட்டத்தின் பிடியில் அகப்படுவார்.

ஆய்வாளர்

கலெக்டர் தமது பதவி வழியாகப் பஞ்சாயத்துகளின் ஆய்வாளராகவும் விளங்குகிறார். ஆய்வாளர் என்பவர் மேற்பார்வையாளரே. பஞ்சாயத்தின் எஜமானர் அல்லர். தலைவரை நீக்குவதாயினும், சட்டத்தின் 205-ஆவது பிரிவு கூறும் படிகளைக் கடக்க வேண்டும். ஆய்வாளர் தாமாகவோ, மொத்த அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாதோர் குற்றச்சாட்டுகளுடன் கையொப்பமிட்ட மனுவின் பேரிலோ நோட்டீஸ் தரலாம். தலைவரின் விளக்கத்தைப் பெற வேண்டும். தாசில்தார் கூட்டும் கூட்டத்தில் மன்றத்தின் கருத்தை அறிய வேண்டும். அதன் பின்னரே முடிவு. மக்கள் அளித்த பதவி ஒரு கடிதத்தால் பறிபோகாதிருக்கவே இவ்வேலி.

தனி அலுவலர்

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதபோது அதன் அதிகாரங்களைச் செலுத்த நியமிக்கப்படுபவர் தனி அலுவலர். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தல் வரையிலும், 2025 ஜனவரியில் மதுரை உள்ளிட்ட பல மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்த பின்னரும், தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஐந்தாண்டுகள் முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு பணிப்பதால், இஃது இடைக்கால ஏற்பாடே என்பதை மறக்கலாகாது.

இதில் மதுரை மாவட்டம் கண்ட பாடம் பெரிது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய பஞ்சாயத்துகளின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பின் காரணமாக வேட்புமனு தாக்கலாகாமலும், வென்றவர் உடனே ராஜினாமாச் செய்தும், 2006 வரை பத்தாண்டுகள் அந்த நாற்காலிகள் வெறுமையாகவே கிடந்தன. மேலூர் அருகிலுள்ள மேலவளவில் அத்தகைய பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் மாதத்தில் மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். சட்டம் அதிகாரத்தை அளித்திருந்தும், அதைச் செலுத்த ஊர் இடம் தரவில்லை. 2006-இல் அம்மூன்று ஊர்களிலும் தேர்தல் நடைபெற்றுத் தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, "அரசு" என்ற சொல்லில் உள்ளாட்சி மன்றங்களையும் அடக்கியிருக்கிறது. ஆகவே சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற விதி டில்லியையும் சென்னையையும் கட்டுப்படுத்துவதுபோல் நமது பஞ்சாயத்தையும் கட்டுப்படுத்துகிறது. குடிநீர்க் குழாயை எத்தெருவில் போடுவது என்ற முடிவும் அவ்விதிக்கு உட்பட்டதே.

எந்த உத்தரவு வந்தாலும், யார் பிறப்பித்தது, எந்தச் சட்டப்படி, எந்த எல்லைக்குள், எம்முறையில் என்ற நான்கு கேள்விகளையும் அங்கத்தினர்கள் கேட்டுப் பழக வேண்டும். அவற்றைக் கிராம சபையில் கேட்க ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமையுண்டு. விடையை எழுத்து மூலம் பெற்றுக் கோப்பில் வைக்கும் பஞ்சாயத்து, யாருக்கும் அஞ்ச வேண்டிய அவசியமில்லை.